கோழிக்கொட்டகை வண்டி

ஹோபார்ட் ஸ்டேமியும் அவர் தம்பி வெல்டனும் பந்தய வண்டி கட்டியது ஒரு கோழிக்கொட்டகையில். வட கரோலினாவின் மலையடிவாரத்தில், எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கோழி வளர்த்துப் பிழைத்தவர்கள்தான். அவர்களுடைய அப்பா இறந்ததும், குஞ்சு கொடுத்துவந்த கம்பெனி கையை விரித்துவிட்டது. நீளமான தகரக் கொட்டகை காலியாகக் கிடந்தது. ஹோபார்ட் எச்சத்தை வாரி வெளியே கொட்டி, தரைக்கு சிமெண்டு போட்டு, என்ஜின் தூக்கும் சங்கிலியை உத்தரத்தில் மாட்டினார். நாற்றம் மட்டும் போகவில்லை. மழைக்குப் பிறகு வெயில் ஏறினால் சுவர்ப் பலகையிலிருந்து மறுபடி கிளம்பும். திறந்து வைத்த என்ஜினுக்குள் எங்கிருந்தாவது ஓர் இறகு வந்து விழும்.

நான் அந்த அணியில் டயர் தூக்கியவன். பெயர் கோய். வெல்டனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். பகலில் எனக்குக் காலுறை ஆலையில் வேலை, மற்ற நேரமெல்லாம் கொட்டகை.

ஹோபார்ட் எங்களைவிட வயதில் நன்றாகவே பெரியவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால், தம்பிக்குச் சோள ரொட்டி சுட்டுக் கொடுத்து, தலை சீவி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சும் குறைவு. என்ஜின் ஓடும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடமாட்டோம். வெல்டன் நேர் எதிர். நின்ற இடத்தில் நிற்கமாட்டான். எல்லாவற்றுக்கும் சிரிப்பான். வளைவுக்குள் மற்றவர்கள் பிரேக்கை மிதிக்கும் இடத்தில் அவன் இன்னும் கொஞ்ச நேரம் மிதிக்காமல் இருப்பான். அவ்வளவுதான் அவன் வித்தை. அதை வைத்துச் சுற்றுவட்டாரத்து மண் ஓடுபாதைகளில் எல்லாரையும் தோற்கடித்தான்.

ஜெயிக்க அங்கே இனி ஆள் இல்லை என்றானபோது, ஹோபார்ட் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "பெரிய பந்தயத்துக்குப் போலாம்."

"கிண்டலா?" என்றான் வெல்டன்.

"நான் எப்படா கிண்டல் பண்ணியிருக்கேன்?"

அப்படித்தான் போனோம். பெரிய அணிகள் பளபளக்கும் நீளமான லாரிகளில் வந்து இறங்கும். எங்களுக்கு மரச்சாமான் ஏற்றும் பழைய லாரி. அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு புது என்ஜின். எங்களுக்கு இருந்ததே ஒன்று. அதையே பிரித்து, கழுவி, மாட்டி ஓட்டினோம். வண்டிக்கு அடித்திருந்தது பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள். முதல் நாள் மைதானத்துக்குள் நுழைந்தபோதே எங்கள் கொட்டகைக் கதை எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் சேவல் மாதிரி கூவினான். வெல்டன் வண்டிக் கூரையில் ஏறி நின்று, இரண்டு கையையும் இறக்கையாக அடித்துக்கொண்டு, அவனைவிடச் சத்தமாகக் கூவினான்.

"முட்டை வேணும்னா வரிசையில நில்லுங்கடா" என்றான்.

அன்று பாதியிலேயே என்ஜின் வெடித்தது. அடுத்த வாரமும் பாதியில் நின்றோம். அதற்கடுத்த வாரம் கடைசி ஆளாக முடித்தோம். முடித்ததற்கே நெல்டா கேக் சுட்டாள்.

நெல்டா வெல்டனின் மனைவி. ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். பந்தயத்தில் ஓட்டுபவன் இருக்கையோடு இறுக்கிக் கட்டப்பட்டிருப்பான். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் பார்வையாளர் மாடத்தின் கூரைமேல் ஒருவர் ரேடியோவோடு நின்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் அணியில் அதற்கென்று வந்தவன் ஏணியில் பாதி ஏறியதும் தலை சுற்றி இறங்கிவிட்டான். நெல்டா அவன் கழுத்திலிருந்த ரேடியோவைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஏறினாள். அதன்பிறகு அந்த வேலை அவளுடையது. மற்ற அணிகளில் எல்லாம் ஆண்கள், கத்துவார்கள். அவள் குரல் ஏறவே ஏறாது. "உள்பக்கம் ஒருத்தன். இன்னும் இருக்கான். இருக்கான். போயிட்டான்." அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பேசுகிறவள் மாதிரி இருக்கும்.

இரண்டாம் வருஷம் ஹோபார்ட்டின் கை என்ஜினில் பேச ஆரம்பித்தது. முதல் பத்துக்குள் வந்தோம். சேவல் மாதிரி கூவியவர்கள் வந்து, வால்வுக்கு என்ன செய்தீர்கள் என்று நைசாகக் கேட்டார்கள். ஹோபார்ட் சட்டைக் கையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அந்தக் கோடையில், அலபாமாவில், முன்னால் போன இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று உரசின. வெல்டனுக்கு ஒதுங்க இடமில்லை. வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் நேராக மோதியது. நான் நின்ற இடத்துக்குச் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கூரையிலிருந்து நெல்டா, "வெல்டன், பேசு. வெல்டன், பேசு" என்று அதே நிதானத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பதிலில்லை. பிறகு வண்டி ஜன்னலின் வலைத்திரை விலகி ஒரு கை வெளியே வந்தது. அவனாகவே ஏறி வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினான். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மைதானத்து டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். பந்தயம் நடந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று வெல்டனுக்குத் தெரியாதா. அடுத்த வாரம் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அவ்வளவுதான். எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை என்றால் அடிபடவில்லை என்று கணக்கு.

அடுத்து வந்த வாரத்தில் நல்ல மழை. பிறகு வெயில். கொட்டகையில் நாற்றம் தாங்காமல் நாங்கள் எல்லாரும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தோம். வெல்டன் உள்ளே வந்து ஆழமாக மூச்சிழுத்தான்.

"ஒருவழியா நாத்தம் போயிடுச்சுடா கோய்" என்றான் சந்தோஷமாக.

நாங்கள் சிரித்தோம். அவன் வழக்கம்போலக் கேலி செய்கிறான் என்றுதான் நினைத்தோம். நெல்டா மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலை அடுப்பில் பன்றிக்கறி கருகிப் புகைந்து வீடே நிறைந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் வேகம் கூடியது. அது நிஜம். ஹோபார்ட், தான் புதிதாகக் கட்டிய என்ஜின்தான் காரணம் என்றார். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பயத்துக்கென்று மனிதனுக்குள் ஏதோ ஓரிடம் இருக்குமென்றால், அது அவனுக்கு அணைந்துபோயிருந்தது. ஐந்தாவதாக வந்தோம். மூன்றாவதாக வந்தோம். பத்திரிகைக்காரர்கள் கொட்டகையைத் தேடி மண்பாதையில் வந்து சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் வெல்டன் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டுப் பட்டப்பகலில் படுத்துக் கிடந்தான். நெல்டா தட்டை வைக்கும் சத்தத்துக்கே கத்தினான். கத்திவிட்டு, ஏன் கத்தினோம் என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

ரேடியோவில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தான்.

"இன்னும் எத்தனை சுத்து?"

"முப்பது."

ஓடுபாதையின் ஒரு நேர்ப்பகுதி முடிவதற்குள் மறுபடி, "நெல்டா, இன்னும் எத்தனை சுத்து?"

அவள் மறுபடி சொல்வாள். எத்தனை தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்டதுபோலவே சொல்வாள்.

மூன்றாம் வருஷ வசந்தத்தில், தென் கரோலினாவில், நாங்கள் ஜெயித்தோம். முன்னால் போனவன் டயர் கிழிந்து ஒதுங்கினான். வெல்டன் இரண்டாவதாக இருந்தவனைச் சுவரோரம் வெளிப்பக்கமாக, யாரும் தாண்டாத இடத்தில் தாண்டினான். மஞ்சள் வண்டி முடிவுக்கோட்டைத் தாண்டியபோது நான் ஒரு டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஹோபார்ட் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது ரேடியோவில் வெல்டன் குரல் வந்தது.

"எல்லாரும் ஏன் மெதுவா போறாங்க?"

"ஜெயிச்சிட்டே வெல்டன்" என்றாள் நெல்டா.

"நானா? இப்ப எங்க போகணும்?"

எங்கள் ஆட்கள் குலுங்கிச் சிரித்தார்கள். ஜெயித்தவர்கள் நிற்கும் மேடைக்கு எங்கள் அணி இதுவரை போனதே இல்லை, வழி எப்படித் தெரியும். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. 'எங்கே போகணும்னு தெரியாமல் ஜெயித்தவன்' என்று நாடே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே கூரையைப் பார்த்தேன். நெல்டா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம் நேரா வா. அங்க கோய் நிக்கிறான் பாரு, தொப்பியைக் கழட்டி ஆட்டுவான். கோய், தொப்பியைக் கழட்டு. அவன்கிட்ட போ வெல்டன்."

நான் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.

ஜெயித்த பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. டென்னசியில் மாவு ஆலை வைத்திருந்த ஒரு கம்பெனி தன் பெயரை வண்டியில் எழுதக் கேட்டு வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் புதுக் கட்டடம், வெள்ளைத் தரை, குழல் விளக்குகள். இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி. நான் காலுறை ஆலையை விட்டேன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் வெல்டனை 'சார்' என்றார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் அவன் மனதில் நிற்கவில்லை. எல்லாரையும் "தலைவா" என்று கூப்பிட்டுச் சமாளித்தான். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

கோடை முடியும் தறுவாயில் இன்னொரு அடி. பெரியதல்ல. பின்னாலிருந்து ஒருவன் இடித்து, வண்டி சுழன்று, சுவரை உரசி நின்றது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை ஊர் திரும்பும் வழியில் வெல்டன் தன் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். நெல்டா சொன்ன பிறகுதான் திருப்பினான்.

அவள் அவனிடம் கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் நகரத்து மூளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் படங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஆன சேதம் ஆனதுதான், அது மெல்ல இன்னும் கூடும், இன்னொரு அடி பட்டால் அந்த இடத்திலேயே முடிந்துவிடலாம் என்றார். வரும்போது காரில் வெல்டன் ஒன்றுதான் சொன்னான். "நீ அண்ணன்கிட்ட சொன்னேன்னா, நான் உன்னை விட்டுப் போயிடுவேன்."

அவள் மறுநாளே சொன்னாள். புதுக் கட்டடத்தில், எங்கள் எல்லார் முன்னாலும்.

ஹோபார்ட் என்ஜினிலிருந்து கையை எடுக்கவில்லை. "டாக்டருங்க பயமுறுத்துவாங்க நெல்டா."

"வெல்டனுக்கு என் பேரு சில நாள் வர மாட்டேங்குது. அது டாக்டர் சொன்னதில்ல. நான் பார்த்தது."

"சீசன் முடிய கொஞ்சம்தான் இருக்கு. முடியட்டும். நானே உட்கார்த்தி வைக்கிறேன்."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"அவனை வளர்த்தது நான்" என்றார் ஹோபார்ட். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "அவனுக்கு இதைத் தவிர வேற என்ன இருக்கு? இதைப் பிடுங்கினா அவன் இருந்தும் செத்த மாதிரிதான்."

"எனக்கு இருந்தா போதும்" என்றாள் நெல்டா. "எப்படியிருந்தாலும் சரி." கழுத்து ரேடியோவைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். "அவன் சாகறதுக்கு நான் மேல நின்னு வழி சொல்லிக் கொடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வர்ஜீனியாவில் பந்தயம். கூரையில் வேறோர் ஆள் ஏறினான். நெல்டா எங்கள் லாரிக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வண்டிகள் வரிசையில் நின்றன. பாதிரியார் ஜெபம் செய்து முடித்தார். வெல்டன் உள்ளே கட்டுண்டு உட்கார்ந்திருந்தான். ஹோபார்ட் ஜன்னல் வழியாகக் குனிந்து வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

வெல்டன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, அப்பா வந்துட்டாரா? டிக்கெட் வாங்கிக் கொடுத்தியா அவருக்கு?"

என்ஜின்களைக் கிளப்பச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. சுற்றிலும் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. எங்கள் வண்டியின் என்ஜினும் உறுமியது. ஹோபார்ட் கையை உள்ளே விட்டு, ஸ்டீயரிங் சக்கரத்தின் பூட்டை விடுவித்து, சக்கரத்தையே கழற்றி வெளியே எடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார்.

வெல்டன் கத்துவது என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. வாயசைவு மட்டும் தெரிந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. மஞ்சள் வண்டி மட்டும் அங்கேயே நின்றது. அதை நாங்கள் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். பட்டைகளை அவிழ்த்ததும் வெல்டன் ஓடிப்போய் அண்ணனை அடித்தான். முகத்தில், கழுத்தில், தலைக்கவசம் போட்ட தலையால் மார்பில். ஹோபார்ட் கையைத் தூக்கவில்லை. சக்கரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள்தான் இழுத்துப் பிரித்தோம்.

"என் வண்டியைத் திருடிட்டே" என்றான் வெல்டன், மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் சம்பாதிச்சுக் கொடுத்த வண்டி. நீ எனக்கு அண்ணனே இல்ல."

நெல்டாவை விட்டுப் போவேன் என்றவன் போகவில்லை. போக இடம் தெரியாது என்பதாலோ என்னவோ.

மாவு ஆலைக்காரர்கள் ஒரு வாரத்திலேயே வேறொருவனைக் கொண்டுவந்தார்கள். டேரன் காஸ்லின் என்று பெயர், இந்தியானாக்காரன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மரியாதையானவன், கவனமானவன். வண்டியைக் காயமில்லாமல் திருப்பிக் கொண்டுவருவான். அடுத்த வருஷம் அவன் ஐந்து பந்தயம் ஜெயித்தான். எங்களிடம் என்ஜின் கேட்டுப் பெரிய அணிகளே வந்தன. எங்கள் ஊர் எல்லையில் எங்கள் அணியின் பெயரோடு பலகை வைத்தார்கள். ஜெயித்தவர்கள் மேடையில் நிற்க ஹோபார்ட் ஒருமுறைகூட வரவில்லை. படம் எடுக்கிற நேரத்தில் அவர் எங்கேயாவது டயர் அடுக்குக்குப் பின்னால் இருப்பார்.

திங்கட்கிழமைதோறும் அவர் தம்பி வீட்டுக்குப் போனார். அண்ணன் வண்டியின் சத்தம் கேட்டதும் வெல்டன் கதவைப் பூட்டித் திரையை இழுத்துவிடுவான். ஹோபார்ட் முற்றத்தில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். நெல்டா காப்பி கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். ஒருமுறை வெல்டன் வெளியே வந்து ஒரு ஸ்பேனரை எறிந்து முன்கண்ணாடியை உடைத்தான். ஹோபார்ட் அடுத்த வாரமும் போனார். கண்ணாடியை மாற்றவில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில், ஒரு திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்கு விறகு கொடுக்க நானும் ஹோபார்ட்டோடு போயிருந்தேன். வண்டி நின்றதும் கதவு திறந்தது. வெல்டன் வாசலில் நின்றான். உடம்பு ஒடுங்கியிருந்தது. கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! எப்ப வந்தே? ஏன் வண்டியிலேயே உக்காந்திருக்கே? வா, வா. டேய் கோய், நீயுமா? உள்ள வாங்க."

ஹோபார்ட்டுக்கு வண்டிக் கதவின் பிடி கைக்குக் கிடைக்கவில்லை. நான்தான் இறங்கிப் போய்த் திறந்துவிட்டேன்.

உள்ளே நெல்டா பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். வெல்டன் அண்ணன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தோளில் கை போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்துக் கதைகள், மண் ஓடுபாதைக் கதைகள் எல்லாம் சொன்னான். அவை எல்லாம் சரியாகவே நினைவிருந்தன. நடுவில், "நம்ம வண்டியை இப்ப யாரு ஓட்டறா?" என்றான்.

"ஒரு பையன்" என்றார் ஹோபார்ட்.

"நல்லா ஓட்டறானா?"

"உன் அளவுக்கு வராது."

வெல்டன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, நம்ம வண்டியை இப்ப யாரு ஓட்டறா?" என்றான். ஹோபார்ட் மறுபடி சொன்னார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனோம். நெல்டா குழாயைத் திறந்துவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.

"போன மாசம் வரைக்கும் உங்க மேல கோவமாத்தான் இருந்தான்" என்றாள். "காலையில எழுந்ததும் முதல்ல உங்களைத்தான் திட்டுவான். எது மறந்தாலும் அது மட்டும் மறக்கல. அது இருக்கிற வரைக்கும் அவன் இருக்கான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் ஹோபார்ட்."

ஹோபார்ட் துணியை எடுத்து அவள் கழுவிக் கொடுத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அடுத்த அறையிலிருந்து வெல்டன், "அண்ணே, போயிடாதே" என்று கூப்பிட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் ஹோபார்ட் பந்தயங்களுக்கு வருவதை நிறுத்தினார். என்ஜின்களை மட்டும் வாரநாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்டா கொஞ்சம் தூங்கட்டும் என்று தம்பியோடு அவர் இருந்தார். தொலைக்காட்சியில் பந்தயம் போடமாட்டார். அந்தச் சத்தம் வெல்டனுக்கு ஆகாது.

பிப்ரவரியில், புளோரிடாவில், வருஷத்தின் ஆகப் பெரிய பந்தயத்தை எங்கள் வண்டி ஜெயித்தது. டேரன் வண்டிக் கூரைமேல் ஏறிக் கைகளை விரித்து நின்றான். காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. மாவு ஆலை முதலாளி முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சுவரோரம் இருந்த தொலைபேசியில் வெல்டன் வீட்டைக் கூப்பிட்டேன். ஹோபார்ட் எடுத்தார்.

"ஜெயிச்சிட்டோம்" என்றேன். "ஹோபார்ட், கேக்குதா? ஜெயிச்சிட்டோம்."

"கேக்குது" என்றார் தணிந்த குரலில். "கொஞ்சம் மெதுவா பேசு கோய். இப்பதான் தூங்கினான்."